மெருகு ஏறினால் கெடும் பெயிண்டு

ஒரு பொருளை நன்றாகத் தேய்த்துத் துடைத்து, எண்ணெய் தடவி வைத்தால் அது நீண்ட நாள் புதிதாக இருக்கும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். குத்துவிளக்கு, பித்தளைக் குடம், தேக்குக் கதவு ஆகியவற்றுக்கு இந்தப் பாடம் பொருந்தும். ஆனால் இதை அப்படியே கடைப்பிடித்தால் கெட்டுப் போகும் பொருள் ஒன்று இப்போது பல வீடுகளின் வாசலில் நிற்கிறது. அதுதான் பளபளப்பு இல்லாத பெயிண்டு பூசிய மோட்டார் சைக்கிள். கடைகளில் இதை ‘மேட் பெயிண்டு’ என்று சொல்வார்கள்.

காரியாபட்டிக் கடைத்தெருவில் நிற்கும் வண்டிகளை ஒரு நாள் நின்று கவனியுங்கள். கறுப்பு, சாம்பல், இராணுவப் பச்சை என்று பல நிறங்களில் மேட் பெயிண்டு வண்டிகளைக் காணலாம். அவற்றில் சற்றுப் பழைய வண்டி ஒன்றின் பெட்ரோல் டேங்கைப் பாருங்கள். முழங்கால் படும் இடங்களில் மட்டும் எண்ணெய் தடவியதுபோல் பளபளப்புத் திட்டுகள் தெரியும். சில வண்டிகளில் வெள்ளை வெள்ளையாக நீர்ப் புள்ளிகளும் இருக்கும். இந்த வண்டிகளின் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் சோம்பேறிகள் அல்லர். நாள்தோறும் துடைப்பவர்கள்தாம். அப்படித் துடைத்ததே பல வண்டிகளில் கெடுதலுக்குக் காரணம்.

இன்று ஒரு மோட்டார் சைக்கிளின் விலை சாதாரணமாக ஓர் இலட்சம் ரூபாயைத் தொடுகிறது, அல்லது தாண்டுகிறது. மானாவாரி விவசாயம் செய்யும் குடும்பத்துக்கோ, மில் வேலைக்குப் போகும் ஒருவருக்கோ அது பல ஆண்டுத் தவணை. விற்கப் போனால், டேங்கில் திட்டு இருக்கிறது என்று சொல்லி வாங்குபவர் விலையைக் குறைப்பார். ஆகவே இந்தப் பெயிண்டின் இயல்பை அறிந்துகொள்வது பயனுள்ளது. அதற்கு நீங்கள் பள்ளியில் படித்த ஓர் ஒளியியல் விதியே போதுமானது.

பளபளப்பு என்பது என்ன?

படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று படித்திருக்கிறீர்கள். நிலைக் கண்ணாடி போன்ற வழவழப்பான பரப்பில் இணையாக வரும் கதிர்கள் எல்லாம் ஒரே கோணத்தில் விழுகின்றன. ஆகவே அவை ஒரே திசையில் திரும்புகின்றன. அந்தத் திசையில் நம் கண் இருந்தால் பளிச்சென்ற ஒளி தெரிகிறது. இதையே நாம் பளபளப்பு என்கிறோம்.

பரப்பு மேடும் பள்ளமுமாக இருந்தால் என்ன ஆகும்? விதி மாறுவதில்லை. ஒவ்வொரு கதிரும் அதே விதிப்படிதான் திரும்புகிறது. ஆனால் ஒவ்வொரு மேட்டின் சரிவும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதால், கதிர்கள் பல திசைகளிலும் சிதறுகின்றன. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கொஞ்சம் ஒளி வரும். ஆனால் எந்தப் பக்கமும் கண் கூசாது. மேட் பெயிண்டு செய்வது இதைத்தான்.

வண்டியின் தகட்டின்மேல் முதலில் பிரைமர், அதன்மேல் நிறப்பூச்சு, அதற்கும் மேலே நிறமற்ற மேற்பூச்சு என்று பல அடுக்குகள் உண்டு. மேற்பூச்சின் தடிமன் சுமார் 30 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். மேட் பெயிண்டின் மேற்பூச்சில் சில மைக்ரான் அளவுள்ள சிலிக்காத் துகள்களைக் கலக்கிறார்கள். பூச்சு காயும்போது அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிவிடுகிறது, படலம் சுருங்குகிறது. ஆனால் சிலிக்காத் துகள்கள் சுருங்குவதில்லை. மாவு வற்றிய பாத்திரத்தில் கட்டிகள் துருத்திக்கொண்டு நிற்பதுபோல், அவை பரப்பை மேடும் பள்ளமுமாக்கிவிடுகின்றன. கைக்கு வழவழப்பாகத் தோன்றினாலும் ஒளிக்கு அது கரடு முரடான நிலம்.

ஆகவே மேட் என்பது ஒரு நிறமன்று, ஒரு வடிவம். இந்தப் பெயிண்டின் உயிர் அந்த மேட்டில்தான் இருக்கிறது!

பளபளப்பான கறுப்பு வண்டி கன்னங்கரேல் என்றும், மேட் கறுப்பு வண்டி சற்றுச் சாம்பல் படர்ந்தும் தோன்றுவது ஏன் என்பதும் இப்போது விளங்கும். பூச்சின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5. இத்தகைய பரப்பின்மேல் செங்குத்தாக விழும் ஒளியில் 4 சதவீதம் உள்ளே புகாமலேயே திரும்பிவிடும். பளபளப்பு வண்டியில் இந்த 4 சதவீதமும் ஒரே திசையில் போய்விடுவதால், மற்றத் திசைகளிலிருந்து பார்க்கும்போது கறுப்பு மட்டுமே தெரிகிறது. மேட் வண்டியில் அதே 4 சதவீதம் எல்லாப் பக்கமும் பரவி, கறுப்பின்மேல் மெல்லிய சாம்பல் திரைபோல் படிகிறது.

கரும்பலகை தரும் சான்று

இந்த இயல்பை நீங்கள் வகுப்பறையிலேயே பார்த்திருப்பீர்கள். புதிதாகப் பெயிண்டு அடித்த கரும்பலகையில் எழுத்து எல்லா மூலைக்கும் தெளிவாகத் தெரியும். ஆண்டுக்கணக்கில் எழுதி, துணியால் அழித்து, ஈரம் வைத்துத் துடைத்த பலகை மெல்ல மெல்லப் பளபளக்கும். சன்னல் ஒளி பட்டால் ஓர் ஓரத்து பெஞ்சில் இருப்பவர்களுக்கு எழுத்தே தெரியாது. பலகையின் நுண்ணிய மேடுகள் தேய்ந்துவிட்டதே காரணம். முன்பெல்லாம் கிராமப் பள்ளிகளில் ஊமத்தை இலையையும் அடுப்புக் கரியையும் சேர்த்து அரைத்துப் பலகையில் பூசுவார்கள். மங்கல் திரும்பிவிடும்.

ஓரத்து பெஞ்சுக்கு மட்டும் ஏன் அதிகக் கூச்சம்? இதற்கு இங்கிலாந்து இயற்பியலார் ராலே ஒரு வழி காட்டினார். ஒரு பரப்பின் மேடுகள் ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், செங்குத்தாக விழும் ஒளிக்கு அது வழவழப்பான பரப்பே. பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 மைக்ரான், எட்டில் ஒரு பங்கு ஏறக்குறைய 0.07 மைக்ரான். ஆனால் ஒளி சாய்வாக விழ விழ இந்த எல்லை உயர்கிறது. செங்குத்துக் கோட்டிலிருந்து 85 டிகிரி சாய்ந்து விழும் ஒளிக்கு ஏறக்குறைய 0.8 மைக்ரான் மேடுகூட வழவழப்பாகிவிடும். நோட்டுப் புத்தகத் தாளைக் கண் மட்டத்தில் கிடையாகப் பிடித்து, எதிரே இருக்கும் விளக்கைத் தாளின் மேலாகப் பாருங்கள். மங்கலான அந்தத் தாளிலும் ஒரு மினுமினுப்புத் தெரியும்.

பெயிண்டுத் தொழிற்சாலையில் இந்தப் பளபளப்பை ஒரு மானியால் அளக்கிறார்கள். ஒளிவிலகல் எண் 1.567 கொண்ட மெருகேற்றிய கறுப்புக் கண்ணாடியின் பளபளப்பை 100 அலகு என்று வைத்துக்கொண்டு, 60 டிகிரி சாய்வில் ஒளியை விழச்செய்து ஒப்பிடுகிறார்கள். 70 அலகுக்கு மேல் வந்தால் உயர் பளபளப்பு. 10 அலகுக்குக் கீழ் வந்தால் அதை 85 டிகிரி சாய்வில் மறுபடி அளக்கிறார்கள். ராலே சொன்னபடி, அந்தச் சாய்வில்தான் மங்கல் பூச்சுகளின் வேறுபாடு நன்றாக வெளிப்படும்.

பளபளப்பே வேண்டாம் என்று முதலில் விரும்பியவர்கள் இராணுவத்தினர். வெயிலில் மினுங்கும் வண்டி பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தே எதிரிக்குக் காட்டிக் கொடுத்துவிடும். எனவே இரண்டாம் உலகப் போர்க்கால வண்டிகளுக்கு மங்கலான பச்சை, மண் நிறங்களைப் பூசினார்கள். நம் நாட்டுப் படைக்கு வண்டி தந்த புல்லட் மோட்டார் சைக்கிளும் இதற்கு விலக்கன்று. அந்தப் புல்லட்டைச் சென்னையில் செய்வதற்காக 1955-இல் என்பீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை அமைந்தது. மறைந்துகொள்ளப் பயன்பட்ட மங்கல் பூச்சு, 2010-க்குப் பிறகு நம் சாலைகளில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அழகாகிவிட்டது.

இரண்டு வகைக் கெடுதல்கள்

மேட் பெயிண்டு இரண்டு வழிகளில் பளபளக்கத் தொடங்கும். இவ்விரண்டையும் பிரித்தறிவதுதான் பராமரிப்பின் சூத்திரம்.

முதலாவது, பள்ளம் நிரம்புதல். எண்ணெய், மெழுகு, கைப்பிசுக்கு ஆகியவை பள்ளங்களில் தங்கி மட்டமாக நிரவினால், மேலே வழவழப்பான புதுப் பரப்பு உண்டாகிறது. இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. குளியலறைச் சன்னலில் இருக்கும் சொரசொரப்பான மங்கல் கண்ணாடியின் சொரசொரப்புப் பக்கத்தில் ஒளி புகும் ஒட்டு நாடா ஒன்றை அழுத்தி ஒட்டுங்கள். ஒட்டிய இடத்தில் மட்டும் கண்ணாடி தெளிந்து, அப்பால் இருப்பது தெரியும். பசை பள்ளங்களை நிரப்பிவிட்டது. நாடாவை உரித்துத் துடைத்துவிட்டால் மங்கல் திரும்பிவிடும். இது மீட்கக்கூடிய கெடுதல்.

இரண்டாவது, மேடு தேய்தல். இதை விளக்க நம் வீட்டு அம்மி போதும். நாள்பட அரைத்தால் அம்மி வழவழப்பாகிவிடும். மிளகாய் வழுக்கும், அரைபடாது. அப்போது அம்மி கொத்துபவரைக் கூப்பிட்டு உளியால் மறுபடி கொத்திக்கொள்வோம். தடித்த கல் என்பதால் எத்தனை முறையும் கொத்தலாம். ஆனால் 50 மைக்ரான் பூச்சை யார் கொத்துவது? மேடு போனால் போனதுதான். அந்தப் பாகம் முழுவதற்கும் புதிதாகப் பெயிண்டு அடிக்கவேண்டும். திட்டு மட்டும் மறைய ஓர் ஓரத்தில் அடித்தால், துகள்கள் அமையும் விதம் மாறி அந்த இடம் தனியாகத் தெரியும்.

பளபளப்பு வண்டியின் கீறலை பாலிஷ் போட்டு நீக்குகிறோம். பாலிஷில் இருக்கும் நுண்ணிய அரைக்கும் துகள்கள் கீறலைச் சுற்றியுள்ள பூச்சையும் சீவி, கீறலின் அடிமட்டத்துக்கு இறக்கிச் சமப்படுத்துகின்றன. அதே பாலிஷ் மேட் பெயிண்டில் பட்டால் மேடுகளையெல்லாம் சீவிவிடும். பின்னர் மெழுகு போட்டால் பள்ளங்களும் நிரம்பும். ஒரே நாளில் இரண்டு கெடுதல்களும் நேர்ந்துவிடும். வெயிலில் நின்று பளபளப்புப் பெயிண்டு மங்குகிறது. தேய்த்துத் தேய்த்து மங்கல் பெயிண்டு பளபளக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றாக இருக்க முடியாதல்லவா?

நம் ஊர்ப் புழுதியும் தண்ணீரும்

காரியாபட்டியிலிருந்து மல்லாங்கிணறு, திருச்சுழி, அருப்புக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் வண்டியின்மேல் புழுதி படியும். ஆடிக் காற்று வீசும் மாதங்களில் நிறுத்தி வைத்த வண்டியே நிறம் மாறிவிடும். கரிசல் மண்ணின் களிமண் துகள்கள் 2 மைக்ரானுக்கும் சிறியவை. பெயிண்டின் பள்ளங்களில் போய் உட்கார இதைவிடப் பொருத்தமான அளவு வேண்டியதில்லை. ஆயினும் அவை மென்மையானவை. அவற்றோடு கலந்து வரும் மணல்தான் ஆபத்தானது. ஜெர்மானியக் கனிம இயலார் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசையில் நம் நகம் 2.5, கத்தியின் எஃகு ஏறக்குறைய 5.5, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. கத்தியையே கீறும் பொருளைப் பிசினாலான பூச்சின்மேல் வைத்து உலர்ந்த துணியால் தேய்ப்பது, உப்புக் காகிதத்தால் தேய்ப்பதற்குச் சமம். காலையில் வண்டியை எடுக்குமுன் துணியால் ஒரு தட்டுத் தட்டி, ஓர் இழுப்பு இழுக்கும் பழக்கம் இருக்கிறதே, அதுதான் மேடுகளுக்குப் பெரும் பகை.

டேங்குக்கு உறை போட்டுவிட்டால் தப்பலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். உறைக்கும் டேங்குக்கும் நடுவே மணல் புகுந்துவிட்டால், வண்டி ஓடும்போது ஏற்படும் அதிர்வே தேய்க்கும் வேலையைச் செய்யும். புழுதியோடு இருக்கும் வண்டியின்மேல் முழு உறை போட்டுக் காற்றில் படபடக்க விடுவதும் அப்படித்தான். உறை போடுவதானால் கழுவி உலர்த்திய பிறகே போடவேண்டும்.

அடுத்தது தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கின்றன. வெந்நீர்ப் பானையின் அடியில் படியும் வெள்ளைக் காரை இவற்றின் வேலையே. குடிநீரில் கரைந்துள்ள திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீர் கிடைக்காவிட்டால் 2000 மில்லிகிராம் வரை போகலாம் என்று 2012-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. நம் நீரில் 1000 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கழுவி முடித்தபின் வண்டியின்மேல் பத்துத் தேக்கரண்டி, அதாவது 50 மில்லிலிட்டர் நீர் தங்கினால், அது ஆவியாகும்போது 50 மில்லிகிராம் உப்பைப் பெயிண்டின்மேல் விட்டுச் செல்லும். பளபளப்பு வண்டியில் படிந்தால் தேய்த்து எடுக்கலாம். மேட் வண்டியில் தேய்க்கவும் வழியில்லை.

கழுவும் முறை

இனி, காரணம் தெரிந்துகொண்டே கழுவலாம்.

1. வண்டியை நிழலில் நிறுத்தி, சூடு தணிய விடுங்கள். சூடான தகட்டில் நீர் உடனே ஆவியாகி உப்பையும் சோப்பையும் படியவிடும்.

2. முதலில் கை வைக்காமல் தண்ணீரை மேலிருந்து கீழாக ஊற்றுங்கள். மணல் தானாக இறங்கட்டும். துடைப்பது புழுதி போன பிறகுதான்.

3. மெழுகு கலக்காத வண்டிச் சோப்பு நீரைக் கொஞ்சம் பயன்படுத்துங்கள். பாத்திரம் தேய்க்கும் பொடி, சாம்பல், தேங்காய் நார் கூடவே கூடாது. அவை எல்லாம் அரைப்பவை.

4. மிருதுவான பழைய பருத்தித் துணியோ, நுண்ணிழைத் துணியோ போதும். அழுத்தாமல், ஒரே திசையில் இழுங்கள். துணியை அலசுவதற்குத் தனி வாளி வையுங்கள். ஒரே வாளியில் முக்கினால் கழுவிய மணலே திரும்பி வரும்.

5. கடைசி ஒரு செம்பு, உப்பில்லாத நீராக இருக்கட்டும். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. தேக்கிய மழைநீர் இருந்தால் அது இதற்கு மிக நல்லது. குளிர்சாதனப் பெட்டியின் குழாயில் சொட்டும் நீரும் காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டானதால் ஏறக்குறைய வாலை வடிநீரே, துணியில் வடிகட்டிக்கொள்ளலாம். நீர் சுத்திகரிக்கும் கருவி வெளியேற்றும் கழிவு நீரில் மட்டும் உப்பு கூடுதல், அதைத் தவிர்க்கவேண்டும்.

6. தேய்த்துத் துடைக்காமல், துணியை விரித்து ஒற்றி எடுங்கள்.

வாட்டர் சர்வீஸ் கடையில் கழுவினால், முனையை வண்டிக்கு மிக அருகில் கொண்டுவர வேண்டாம் என்றும், முடிவில் டீசலோ பாலிஷோ அடிக்க வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெட்ரோல் சிந்தினால் உடனே துணியால் ஒற்றி, தண்ணீர் ஊற்றுங்கள். கைப்பிசுக்குக்குச் சோப்பு நுரையை ஒரு நிமிடம் தங்கவிட்டுக் கழுவினால் போதும். பறவை எச்சம் காய்ந்திருந்தால் சுரண்டாதீர்கள். ஈரத் துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள். ஊறியபின் தானே பெயர்ந்து வரும். உப்புப் புள்ளி ஏற்கெனவே படிந்திருந்தால், வண்டியின் கையேட்டில் தடை ஏதும் இல்லையானால், ஒரு பங்கு வினிகரில் மூன்று பங்கு நீர் கலந்து, முதலில் மறைவான இடத்தில் சோதித்துவிட்டு, ஒரு நிமிடம் ஒற்றிக் கழுவலாம். அமிலம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கும். தேய்ப்பு செய்யவேண்டிய வேலையை இங்கே வேதியியல் செய்கிறது.

ஆயுத பூஜை அன்று வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். குழைத்த சந்தனம் பள்ளங்களில் இறங்கிக் காய்ந்துவிட்டால், மறுநாள் அதை எடுக்கத் தேய்க்கவேண்டி வரும். பொட்டை முகப்பு விளக்கின் கண்ணாடியிலோ, பளபளப்பான உலோகப் பாகத்திலோ வைத்துவிடுங்கள். பூஜைக்கும் குறைவில்லை, பெயிண்டுக்கும் பழுதில்லை.

செய்து பாருங்கள்

ஒரே அளவான நான்கு கண்ணாடித் துண்டுகளை எடுத்து, ஓரங்களில் கை வெட்டாதபடி நாடா ஒட்டிக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர், குடிநீர்க் குழாய் நீர், மழைநீர், சுத்திகரிப்புக் கருவியின் கழிவு நீர் ஆகியவற்றில் ஒவ்வொன்றிலும் பத்துச் சொட்டு, ஒவ்வொரு கண்ணாடியின்மேல் விடுங்கள். எது எந்த நீர் என்று சீட்டு எழுதி வைத்து, வெயிலில் உலர்த்துங்கள். பின்பு கறுப்புத் துணியின்மேல் வைத்து, எதில் எவ்வளவு வெள்ளைப் படிவு இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் வீட்டு வண்டியைக் கடைசியாக எந்த நீரில் அலசவேண்டும் என்பதை அந்தக் கண்ணாடிகளே சொல்லிவிடும். வீட்டில் வண்டி துடைப்பவர் யாரோ, அவரிடமும் அவற்றைக் காட்டுங்கள்.